முதுகு வலித்தால் புத்தி மங்குமா?

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் போகும் சாலையில் இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்த ஸ்தலம் என்பார்கள். ராமானுஜர் இளம் பிராயத்தில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். குரு சொல்வதைக் காதில் வாங்கி மனத்தில் நிறுத்தும் படிப்பு அது. அந்தக் கூட்டத்தில், முதுகு வலியால் இரவெல்லாம் தூங்காத பிள்ளை ஒருவன் இருந்திருந்தால் அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? "மந்தபுத்தி" என்ற பட்டம்தான்!

அந்தப் பட்டத்தை இன்றும் நம் வீடுகளில் தாராளமாக வழங்குகிறோம். இருபத்தைந்து வயது மருமகள் காலையில் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறாள். சொன்ன சாமானில் இரண்டை விட்டுவிட்டு வருகிறாள். "சோம்பேறி! கவனமே கிடையாது!" என்கிறோம்.

அவளுக்கு இருப்பது 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்னும் முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும். இதுவோ படுத்தால் கூடும், நடமாடினால் குறையும். காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நிற்கும். பெரும்பாலும் 45 வயதுக்குள் ஆரம்பிக்கும். ஆண்களின் வியாதி என்று வெகு காலம் எண்ணியிருந்ததால், பெண்களுக்கு இதைக் கண்டுபிடிப்பதே தாமதமாகிறது.

1893-ல் இந்நோயை விவரித்தவர் ரஷ்ய வைத்தியர் பெக்தெரெவ். வேடிக்கை என்னவென்றால், அவர் மூளையை ஆராய்ந்த நிபுணர்! முதுகுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஜுரம் அடிக்கும் நாளில் வீட்டுக் கணக்கு எழுதிப் பாருங்கள், தெரியும். உடம்பில் அழற்சி இருந்தால் அதிலிருந்து கிளம்பும் ரசாயனங்கள் மூளையையும் சோர வைக்கின்றன. வலி பாதிக் கவனத்தைப் பறித்துக்கொள்கிறது. பின்னிரவில் வலி எழுப்பிவிடுவதால் தூக்கம் கெடுகிறது. பகலில் கற்றதை மூளை பதித்துக்கொள்வது தூக்கத்தில்தானே? இவற்றோடு மனச்சோர்வும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? இந்நோயாளிகள் சிலருக்குக் கவனமும் ஞாபகமும் சற்று மந்தப்படுவதைச் சில ஆராய்ச்சிகளும் கண்டிருக்கின்றன. ஆனால் இது பைத்தியமல்ல; புத்திக் குறைவுமல்ல.

ஆகவே, சகோதரிகளே, ஞாபகசக்தி லேகியம் தேடி அலைய வேண்டாம். மூட்டு வாத நிபுணரிடம் காட்டுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மருந்தோடு தினசரித் தேகப்பயிற்சியும் அவசியம். மறதியையும் தூக்கமின்மையையும் வைத்தியரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டுக் கோளாறு இருந்தாலும் மறதி வரும். அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. சாமான் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.

அடுத்த முறை பால் பொங்கி வழிந்தால் முதலில் அடுப்பை அணையுங்கள். பிறகு, "ராத்திரி தூங்கினாயா, அம்மா?" என்று கேளுங்கள்.