கூதிர்காலத்தில் மனம் சோர்ந்தால்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திருச்செந்தூர் வட்டாரத்தில் மனச்சோர்வோடு நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, எதிலும் பிடிப்பு இல்லை, காரணம் தெரியாமலே மனம் கனக்கிறது. இந்த நேரத்தில்தான் சீன மருத்துவக் குறிப்புகள் தமிழில் கைபேசிகளை எட்டுகின்றன. இலையுதிர்காலம் நுரையீரலுக்கும் துக்கத்துக்கும் உரிய காலம், பேரிக்காய் சாப்பிட்டால் நல்லது என்கின்றன அவை. இதில் எதை ஏற்கலாம், எதை விடலாம் என்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ சீன மருத்துவத்தின் மூலநூல். அந்த மரபு பருவத்தையும் உறுப்பையும் உணர்வையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கிறது. வசந்தத்துக்குக் கல்லீரலும் கோபமும், குளிர்காலத்துக்குச் சிறுநீரகமும் அச்சமும், இலையுதிர்காலத்துக்கு நுரையீரலும் துக்கமும் உரியவை. இலையுதிர்காலத்தில் சீக்கிரம் படுத்துக் கோழி கூவும் நேரத்தில் எழ வேண்டும், மனத்தை அலையவிடாமல் அமைதியாக வைத்திருக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. வட சீனத்தில் கோடையோடு மழை ஓய்ந்து, இலையுதிர்காலத்தில் வறண்ட குளிர்காற்று வீசும். தோலும் தொண்டையும் காயும். அதனால்தான் அங்கே நீர்ச்சத்து மிக்க பேரிக்காய் பரிந்துரைக்கப்படுகிறது.

திருச்செந்தூரில் நிலைமை தலைகீழ். ஆனியிலும் ஆடியிலும்தான் இங்கே காற்று உலர்ந்து வீசும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். இந்த மண்ணின் பருவங்களைக் கணக்கில் கொண்ட மருத்துவம் நம்மிடமே இருக்கிறது. சித்த மருத்துவம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். காரில் வளரத் தொடங்கும் அழல், அதாவது பித்தம், கூதிரில் தன்னிலை கடந்து மிகும் என்பது அதன் கணக்கு. கசப்பு, இனிப்பு, துவர்ப்புச் சுவைகள் அழலைத் தணிக்கும் என்றும் அது சொல்கிறது. மனநோய்களையும் ‘கிரிகை’ என்ற பெயரில் பதினெட்டு வகையாகப் பகுத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இந்த மருத்துவத்தைக் கற்பித்துவருகிறது. சீனமும் தமிழகமும் தத்தம் வானத்தைப் பார்த்துத்தான் மருத்துவம் எழுதின. ஓர் ஊரின் பருவக் கணக்கை இன்னோர் ஊருக்கு அப்படியே பொருத்துவது இரண்டு மரபுகளுக்குமே முரணானது.

நவீன மருத்துவமும் பருவத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை மறுக்கவில்லை. அமெரிக்க மனநல ஆய்வாளர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் பருவகால மனச்சோர்வை விவரித்தார்கள். பகல் சுருங்கும்போது காலை வெளிச்சம் குறைந்து, மூளையிலுள்ள உடல் கடிகாரம் பிசகுவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அதனால்தான் காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் அளவுள்ள வெளிச்சத்தின் முன் உட்காரச் சொல்கிறார்கள். ஆனால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பெய்ஜிங்கில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். திருச்செந்தூரிலோ அது சுமார் ஒரு மணி நேரம்தான். ஆகவே நம் ஊர்க் கூதிர்ச் சோர்வுக்குப் பகல் சுருங்குவதை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

பிழைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களில் மழை வந்தால் வேலை நின்றுவிடும். இந்த மாதங்களுக்காகவே உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. உடன்குடிப் பக்கம் பதநீர்ப் பருவம் எப்போதோ முடிந்திருக்கும், பனையேறிக்கு வருமானம் இருக்காது. புயல் கூண்டு ஏற்றினால் ஆலந்தலையிலும் அமலிநகரிலும் படகுகள் கரையிலேயே கிடக்கும். ஆற்றுப்பாசனத்து விவசாயி மட்டும் பிசானத்துக்கு நாற்றுப் பாவும் வேலையில் இருப்பார். அவருக்கும் மழை கூடுமா குறையுமா என்ற கவலை உண்டு. கையில் காசில்லாமல் ஒழுகும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவருக்கு மனம் சோர்ந்தால், அதற்கு நுரையீரலையோ பித்தத்தையோ மட்டும் காரணம் காட்டுவது நியாயமில்லை.

இத்துடன் வெள்ளத்தின் நினைவும் சேர்ந்துகொள்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், மார்கழி பிறந்த வேளையில், பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே சிக்கி நின்றது. அதை அனுபவித்தவர்களுக்கு இன்று வானம் இருண்டாலே நெஞ்சு படபடத்தால் அது கோழைத்தனம் அல்ல. பேரிடரைக் கண்ட மனம் அப்படித்தான் எச்சரிக்கையாகிறது.

ஊர் வழக்கத்திலும் ஓர் அறிவு இருக்கிறது. ஐப்பசி அமாவாசைக்குப் பின் வரும் கந்த சஷ்டி விரதத்துக்காகத் திருச்செந்தூர்க் கோயிலில் ஆயிரக்கணக்கானோர் ஆறு நாள் தங்குகிறார்கள். விடியலில் எழுந்து கடலில் நீராடி, குறித்த நேரத்தில் எளிய உணவு உண்டு, பலரோடு சேர்ந்து பாடுகிறார்கள். கார்த்திகையில் வீடுதோறும் விளக்கு எரிகிறது. பக்தியே இவற்றின் நோக்கம். ஆனாலும் ஒழுங்கான நேரம், காலை வெளிச்சம், உடல் அசைவு, மனிதத் துணை என்று மனநல மருத்துவர்கள் சொல்லும் நான்கும் இவற்றுக்குள் இருக்கின்றன. கோயிலுக்குப் போகாதவர்களும் இந்த நான்கைக் கைக்கொள்ளலாம். மழை விட்ட காலையில் அரைமணி நேரம் நடக்கலாம். படுக்கும் நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம். தனியாக இருக்கும் பெரியவர்களைத் தினமும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். சுக்குமல்லிக் காபி குடிக்கலாம், அதில் தவறில்லை. சர்க்கரை நோயாளிகள் மட்டும் அதில் சேர்க்கும் கருப்பட்டியைத் தீங்கற்றது என்று நம்பிவிட வேண்டாம்.

உணர்வை உறுப்போடு இணைக்கும் பட்டியலுக்கு நவீன உடலியலில் சான்று இல்லை. துக்கத்தில் மூச்சு மாறும் என்பது உண்மைதான். அதற்காக நுரையீரலுக்கு மருந்து கொடுத்துத் துக்கத்தைத் தீர்த்துவிட முடியாது. பருவ உணவும் பழக்கமும் சோர்வைத் தாங்கத் துணை நிற்கும், நோயைக் குணப்படுத்தும் பொறுப்பை அவற்றின்மீது சுமத்தக் கூடாது. ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர் எந்தக் குறிப்பை நம்பியும் தானாக அதை நிறுத்தவே கூடாது.

மனத்தளர்ச்சியோ எதிலும் ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைப் பருவத்தின் கோளாறு என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உங்கள் தெருவில் யாராவது மழை தொடங்கியதிலிருந்து கதவைத் திறக்காமல் இருந்தால், இந்த எண்ணை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.