பட்டாசு இல்லாத ஊரில் ஒரு மஞ்சள் சட்டை!

வேடந்தாங்கலில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

மழைக் காலத்தில் ஏரி நிறையும். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நாரையும், கூழைக்கடாவும், நீர்க்காகமும் வந்து இறங்கும். சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும். வெடிச் சத்தம் கேட்டால் அவை பயந்து எழுந்து பறந்து விடும். முட்டையும் குஞ்சும் அநாதையாகக் கிடக்கும். ஆகவே ஊர் ஜனங்கள் தாங்களாகவே பட்டாசை விட்டு விட்டார்கள். பிள்ளைகள் மத்தாப்பு கேட்டு அடம் பிடித்தாலும் பெரியவர்கள் மசிய மாட்டார்கள்.

தீபாவளிக்கே பட்டாசு கிடையாது என்றால், கிரிக்கெட்டில் சென்னை ஜெயித்தால் மட்டும் வெடிக்க முடியுமா?

முடியாது. ஆனால் அங்கேயும் ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. மதுராந்தகம் தாலுகாவில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தெருவுக்கு ஒரு மஞ்சள் சட்டையைப் பார்க்கலாம். முதுகில் 7 என்ற எண் இருக்கும். அது டோனியின் எண்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பரீட்சை முடிந்து விடுமுறையில் இருக்கும் பையன். வயலிலிருந்து வந்து திண்ணையில் காலை நீட்டிய தாத்தா. அடுப்படியில் அம்மா. இரவு ஏழரை மணிக்கு ஆட்டம் ஆரம்பம். பத்து மணிக்கு அம்மா குரல் கொடுக்கிறாள்.

"சோறு ஆறுதுடா! வந்து தின்னுட்டுப் போய்ப் பாரு!"

"இன்னும் ரெண்டே ஓவர்தாம்மா!"

அந்த இரண்டு ஓவர் முடிய அரை மணி ஆகும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

"இவனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று அவள் தலையில் அடித்துக் கொள்கிறாள். உண்மையில் இது பைத்தியமா?

கடைசி வாரத்துக் கணக்கு

ஐ.பி.எல். பந்தயத்தில் 10 கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டிக்கும் 14 ஆட்டம். ஜெயித்தால் 2 புள்ளி. கடைசியில் முதல் நான்கு இடத்தில் இருப்பவர்கள் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அதற்குப் பெயர் 'பிளே ஆப்'. மற்ற ஆறு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆரம்பத்தில் ஒரு ஆட்டம் தோற்றால் யாரும் கவலைப்படுவதில்லை. மே மாதம் வந்ததும் கதை மாறுகிறது. புள்ளி சமமாக இருந்தால் 'நெட் ரன் ரேட்' பார்க்கிறார்கள். அதாவது, நாம் ஓவருக்குச் சராசரி எத்தனை ரன் எடுத்தோம், எதிரிகள் நம்மிடம் ஓவருக்கு எத்தனை ரன் எடுத்தார்கள் என்று எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுப்பது. புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை போகும் கணக்கு இது!

பள்ளிக்கூடத்தில் தசமக் கணக்கு என்றால் வயிற்று வலி என்று சொல்லும் பையன், மே மாதத்தில் இதை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போடுகிறான். வாத்தியார் பார்த்தால் அசந்து போவார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடைசி வாரத்தில் தன் கோஷ்டி மட்டும் ஜெயித்தால் போதாது. வேறு யாரோ தோற்க வேண்டும். 2012-ம் வருஷம் சென்னை தன் ஆட்டங்களை எல்லாம் முடித்து விட்டுக் காத்திருந்தது. பெங்களூர் ஜெயித்தால் சென்னை வீட்டுக்குப் போக வேண்டும். மே 20-ந் தேதி ஐதராபாத்தில் டெக்கான் சார்ஜர்ஸ் கோஷ்டி, பெங்களூரை 9 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அன்றைக்குச் சென்னை ரசிகர்கள் எல்லோரும் ஐதராபாத் ரசிகர்கள்! அந்த வருஷம் சென்னை இறுதி ஆட்டம் வரைக்கும் போயிற்று.

2010-ல் இதைவிடப் பெரிய கண்டம். ஏப்ரல் 18-ந் தேதி, இமயமலை அடிவாரத்தில் தர்மசாலாவில் ஆட்டம். கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும். இர்பான் பதான் பந்து வீசினார். டோனி 4, 2, 6, 6 என்று நாலே பந்தில் ஆட்டத்தை முடித்தார். ஒரு வாரத்தில் கோப்பை சென்னைக்கு வந்து சேர்ந்தது.

இந்த மாதிரி ராத்திரிகளைப் பார்த்தவன் எளிதில் டெலிவிஷனை அணைக்க மாட்டான்.

மே 18

2024-ம் வருஷம் மே 18, சனிக்கிழமை. சென்னைக்கு அதுதான் கடைசி லீக் ஆட்டம். பெங்களூரில், பெங்களூர் கோஷ்டியோடு. ஜெயிக்கிறவர் உள்ளே. சென்னைக்கு ஒரு சலுகையும் இருந்தது. தோற்றாலும், கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றால் உள்ளே போகலாம்.

நடுவில் மழை வந்து ஆட்டம் நின்றது. மீண்டும் தொடங்கியது. பெங்களூர் 20 ஓவரில் 218 ரன் குவித்தது. சென்னை ஜெயிக்க வேண்டுமானால் 219. உள்ளே போக மட்டும் வேண்டுமானால் 201. ஒரே ஆட்டத்தில் இரண்டு இலக்கு! எது போதும் என்று கேட்டால் ரசிகன் என்ன சொல்வான்? 201 போதும் சாமி என்பான்.

19 ஓவர் முடிந்தபோது சென்னை 184. மீதி ஆறு பந்து. வேண்டியது 17 ரன். எதிரே டோனி. இன்னொரு முனையில் ஜடேஜா.

முதல் பந்தில் டோனி ஓங்கி அடித்த அடியில் பந்து மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தது. ஆறு ரன்! இனி ஐந்து பந்தில் 11 ரன். எத்தனையோ முறை செய்த காரியம்.

அடுத்த பந்தில் டோனி அவுட்!

அதற்குப் பிறகு நான்கு பந்தில் வந்தது ஒரே ஒரு ரன். யாஷ் தயாள் நிதானமாக, வேகத்தைக் குறைத்து வீசினார். ஜடேஜாவால்கூட ஒன்றும் செய்ய முடியவில்லை. சென்னை 191. வேண்டிய 201-க்குப் பத்து ரன் குறைவு. இரண்டு கோஷ்டிக்கும் 14 புள்ளிதான். நெட் ரன் ரேட்டில் பெங்களூர் 0.459, சென்னை 0.392. அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு வருஷத்து ஆசை போயிற்று.

திண்ணையில் தாத்தா எழுந்து துண்டை உதறிக் கொண்டார். "போய்ச் சாப்பிடுப்பா" என்றார். பையன் பேசவில்லை.

ஆனால் அதே ராத்திரி பெங்களூரில் இன்னொரு பையன் குதித்துக் கொண்டிருந்திருப்பான். அவன் கதையையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் பெங்களூர் முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு தோற்றது. ஊரே சிரித்தது. பிறகு வரிசையாக ஆறு ஆட்டம் ஜெயித்து உள்ளே நுழைந்தது. ஏழு தோல்விக்குப் பிறகும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தவன் அல்லவா உண்மையான ரசிகன்!

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். நம் ஊர் கில்லியைப் போலக் கட்டையால் அடித்து ஓடுவது. அங்கே ஒரு கோஷ்டி ஒரு வருஷத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. செப்டம்பர் வந்தால் அங்கும் இதே கணக்கு, இதே பரபரப்பு. புரூக்ளின் என்ற இடத்துக் கோஷ்டி இறுதிப் பந்தயத்துக்கு வந்து வந்து தோற்றது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பது அந்த ஊர் ரசிகர்களின் பேச்சாகவே ஆகிவிட்டது. 1955-ல்தான் அவர்களுக்கு விடிந்தது. ரசிகர்கள் உலகமெங்கும் ஒரே சாதி போலிருக்கிறது.

அம்மாவின் கேள்வி

அம்மா விடுவதாக இல்லை. "ஏரியிலே இருக்கிற குருவி எச்சம் போட்டா வயலுக்கு எருவாவது ஆகுது. உன் கிரிக்கெட்டாலே வீட்டுக்கு என்னடா லாபம்?" என்று கேட்கிறாள்.

நியாயமான கேள்விதான். வேடந்தாங்கல் ஏரி சுமார் 75 ஏக்கர். பறவை எச்சம் கலந்த அந்தத் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அந்த ஊர் விவசாயிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 1798-லேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் சொல்லி, பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கிய ஊர் அது. லாபம் தெரிந்துதான் காப்பாற்றினார்கள்.

ஆனால் மழை பொய்த்த வருஷமும் உண்டு. ஏரி வறண்டு கிடக்கும். பறவை வராது. எரு இல்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு இஷ்டம்போல் வெடித்துத் தீர்க்க வேண்டியதுதானே? அப்படிச் செய்வதில்லை. அடுத்த வருஷம் வரும் என்று காத்திருக்கிறார்கள். லாபக் கணக்கு மட்டும் போட்டால் இது நடக்காது.

பையன் செய்வதும் ஏறக்குறைய அதுதான். அதோடு, அந்த இரண்டு மாதம் தாத்தாவும் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுகிறார்கள். மற்ற மாதங்களில் "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு உண்டா? வீட்டுக்கு இது நஷ்டம் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே மஞ்சள் சட்டையைத் திட்டாதீர்கள். திட்ட வேண்டிய விஷயங்கள் வேறு இருக்கின்றன.

ஒன்று, பணம் கட்டுவது. கிரிக்கெட்டில் பணம் புகுந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை ரசிகனைப் போல் அனுபவித்தவன் வேறு யார்? சூதாட்ட விவகாரத்தில் நிர்வாகத்தைச் சேர்ந்தவர் சிக்கியதால், 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னைக் கோஷ்டியை இரண்டு வருஷம் விலக்கி வைத்தது. 2016-லும் 2017-லும் ஆட்டமே இல்லை. ஒரு பைசாகூடக் கட்டாத கிராமத்துப் பையனுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தண்டனை! பின்னர் செல்போனிலேயே பணம் கட்டி ஆடும் வசதி வந்தது. கூலிப் பணத்தைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். 2025 ஆகஸ்டில் அதைத் தடை செய்யும் சட்டத்தைப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. சட்டம் வந்தாலும் திருட்டு வழிகள் முளைக்கும். பிள்ளையின் கையில் செல்போன் இருக்கும் வீட்டில் பெரியவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பெங்களூரில் நடந்தது

இன்னொன்றைச் சொல்லவே மனம் வரவில்லை.

2025 ஜூன் 3-ந் தேதி பெங்களூர் கோஷ்டி முதல் தடவையாகக் கோப்பையை வென்றது. 18 வருஷக் காத்திருப்பு! மறுநாள் வெற்றி விழா என்றார்கள். சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலில் லட்சக் கணக்கில் கூட்டம் கூடியது. நெரிசலில் 11 பேர் மூச்சுத் திணறி இறந்து போனார்கள். அநேகமாக எல்லோரும் இளம் வயதினர்.

ஏழு தோல்வியைத் தாங்கியவர்கள் அவர்கள். தோல்வி அவர்களை ஒன்றும் செய்யவில்லை. ஜெயித்த மறுநாள் உயிர் போயிற்று. முறையான ஏற்பாடு இல்லாமல் அவ்வளவு கூட்டத்தை வரவிட்டவர்கள் மேல்தான் முதல் குற்றம். ஆனாலும், "நான் கத்தினால் யாருக்கு என்ன ஆகும்? நான் தள்ளினால் முன்னால் நிற்பவன் என்ன ஆவான்?" என்று ஒரு நிமிஷம் நினைக்கும் பழக்கம் நமக்கு எங்கே போயிற்று?

வேடந்தாங்கல் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் நடை பழகும்போதே வந்து விடுகிறது. சந்தோஷம் வந்தால் வெடிக்கக் கூடாது. ஏரியில் குஞ்சு இருக்கிறது. நல்ல மழை பெய்த வருஷங்களில், கிரிக்கெட் நடக்கும் கோடையிலும் சில கூடுகளில் குஞ்சுகள் இருப்பதுண்டு. 2023 மே மாதம் ஆமதாபாத்தில் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா 6-ம் 4-ம் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தபோது மணி நள்ளிரவைத் தாண்டி விட்டது. அந்த நேரத்தில் பல ஊர்களில் வெடி அதிர்ந்தது. ஏரிக்கரை வீட்டில் ஜெயித்த சந்தோஷம் என்றால், கதவைச் சாத்திக் கொண்டு பாயில் புரள்வதுதான். அம்மா எழுந்து, "என்னடா ஆச்சு?" என்று கேட்டால், "ஜெயிச்சாச்சும்மா!" என்று காதோடு சொல்ல வேண்டும். அதனால் சந்தோஷம் குறைந்து விடுமா என்ன?

2025-ல் சென்னைக்கு வந்தது பத்தாவது இடம். கடைசி இடம்! ஐ.பி.எல். தொடங்கிய 2008-லிருந்து அப்படி நேர்ந்ததே இல்லை. மே மாதக் கணக்குப் போடுவதற்குக்கூட வழியில்லை. நோட்டின் கடைசிப் பக்கம் காலியாகவே இருந்தது. பையன் கடைசி ஆட்டம் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தான். தாத்தா பாதியில் தூங்கி விட்டார்.

மறுநாள் காலையில் அம்மா மஞ்சள் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். சாயந்திரம் மடித்துப் பெட்டியில் வைக்கப் போனவள், "இதை உன் தம்பிக்குக் கொடுத்துடட்டுமாடா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. உள்ளேயே இருக்கட்டும்."