ஏழு பேர் போதும்

நூல் வாங்குவோர் பலர், படிப்போர் சிலர், படித்ததைப் பிறரோடு கூடி எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். பேழைக்குள் அடுக்கி வைத்த நூல், குதிருக்குள் பூட்டி வைத்த நெல்லைப் போன்றது. சோறும் ஆவதில்லை, விதையும் ஆவதில்லை. இக்குறையை நீக்க அரசும் வேண்டுவதில்லை, பெரும்பொருளும் வேண்டுவதில்லை. நண்பர் எழுவர் ஓரிடத்துக் கூடினால் போதும்.

ஆனால், நம்மவர்க்குப் படிப்பதைவிடக் கழகம் அமைப்பதில் விருப்பம் மிகுதி. ஐவர் கூடினால் உடனே ஒரு பெயர், பெயருக்கொரு பலகை. தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் என நால்வர்க்குப் பொறுப்பு. எஞ்சிய ஒருவரே உறுப்பினர்! முதற்கூட்டத்தில் வரவேற்புரையும் வாழ்த்துரையும் பொன்னாடையும் நன்றியுரையும் குறைவின்றி நடைபெறும். நூலைத் திறக்கத்தான் நேரமிராது. மறு ஆண்டில், தலைவர் யார் என்னும் பூசலில் கழகம் இரண்டாகும், பலகையும் இரண்டாகும், படித்து முடித்த நூல் மட்டும் ஒன்றும் இராது.

பிலடெல்பியா நகரில் 1727-ஆம் ஆண்டு, அச்சுத் தொழிலாளராயிருந்த பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பரைக் கூட்டி ஒரு வட்டம் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடிய அவருள் தச்சர், செருப்புத் தைப்பவர், கண்ணாடி பொருத்துபவர், நிலமளப்பவர் ஆகியோர் இருந்தனர். பன்னிருவர்க்கு மேற் சேர்ப்பதில்லை என்பது அவர்தம் உறுதி. பிறரும் நுழைய விரும்பியபோது, உள்ளவர் ஒவ்வொருவரும் தனித்தனியே வேறொரு வட்டம் அமைக்கட்டும் என்றார் பிராங்கிளின். தம் கூற்றே முடிந்த முடிபு என்னும் போக்கிற் பேசுவோர்க்குச் சிறு ஒறுப்புக் கட்டணமும் இட்டனர். அவ்வட்டத்தின் எண்ணம் 1731-இல் ஒரு பெரு நூலகமாயிற்று. அஃது இன்றும் உள்ளது.

வெளிநாடு செல்வானேன்? 1880-இல் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையரிடம், அவ்வூருக்கு நடுவராய் வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் அதுவரை படித்ததில்லை. அதனைப் படிக்கப் புகுந்து சமணக் கொள்கை விளங்காமல் இடர்ப்பட்ட அவர்க்கு, அவ்வூர்ச் சமணர் இல்லத்திலேயே விடை கிடைத்தது. கல்லூரி அறியாத அந்நூலை அவர்கள் தம் வீட்டில் கூடியிருந்து படித்து வந்தனர்! அவர்கள் துணையும் சேர, 1887-இல் அந்நூல் அச்சேறியது. பலகை மாட்டாத ஒரு சிறு கூட்டம் தமிழுக்குச் செய்த உதவி இது.

ஆகவே, வட்டம் தொடங்குவோர் சிலவற்றை உறுதியாகக் கொள்க. எழுவரும் ஒரே நூலைப் படிக்க. பதினைந்து நாளுக்கொரு முறை கூடுக. நாற்பது பக்கம் போதும், விரைவு வேண்டா. விலை மிகுந்த நூலாயின் பகிர்ந்து வாங்கிக் கைமாற்றிக் கொள்க. கடினமான பகுதியை ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் செவிமடுக்க. படியாது வந்தவர் கேட்கலாம், தீர்ப்புக் கூறலாகாது. மூத்தவர் இறுதியிற் பேசுக; அவர் முதலிற் பேசின் இளையவர் வாய் திறவார்.

கூடுமிடம் முறைவைத்து ஒவ்வொருவர் இல்லமாக இருக்கட்டும். ஆனால், வீட்டுப் பெண்டிர் தேநீர் கொணர மட்டும் அவ்வறைக்குள் வருவாராயின், அஃது அரை வட்டமே. அவரும் அமர்ந்து படிக்கும் பொழுதையும் இடத்தையும் தேர்வதே முறை. தேநீரை ஆடவர் போடட்டும்.

எல்லாவற்றினும் அரியது ஒன்றுண்டு. நமக்கு உடன்பாடான நூல்களையே படிப்பது, கண்ணாடியில் நம் முகத்தையே பார்த்துக் கொண்டிருப்பதாகும். மூன்று நூலுக்கு ஒன்றேனும் நம் கொள்கைக்கு மாறானதாக இருக்கட்டும். மாற்றார் கூற்றை முழுதும் படித்து மறுப்பவனே கொள்கையாளன். படியாமல் மறுப்பவன் வெறும் முழக்கக்காரன். அந்நூலைப் படித்தபின் நம் கருத்து அசையுமெனின், அசைய வேண்டிய கருத்தே அது.

எட்டாமவர் வந்து கதவைத் தட்டினால் மகிழ்க. அவரை ஓர் இரவு உடனிருத்திக் காட்டுக. பின், அவர் தெருவில் மற்றோர் எழுவரைத் திரட்டச் சொல்லுக. பெயர் வேண்டா, பலகை வேண்டா. வரும் ஞாயிற்றுக்கிழமை பேழையைத் திறந்து ஒரு நூலை எடுமின், அறுவரை அழைமின்!