பரிசின் விலையில் யாருக்கு எவ்வளவு?

போன மாதம் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தோம். சுவர்க் கடிகாரங்கள் நான்கு, கண்ணாடிப் பூச்சாடிகள் இரண்டு, நவராத்திரித் தாம்பூலத்தோடு வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரு டஜனுக்கு மேல்! எல்லாம் யாரோ அன்போடு கொடுத்த பரிசுகள்தாம். ஆனால், எதை யார் கொடுத்தார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. அதே பரணில் பாட்டி காலத்து ஓலைப் பெட்டி ஒன்றும் இருந்தது. அது எந்த ஊரிலிருந்து, யார் கொடுத்து வந்தது என்று என் தாயார் உடனே சொல்லிவிட்டார்!

கல்யாணம், கிரகப்பிரவேசம், கொலு என்று வந்தால் வெறுங் கையோடு போக முடியாதுதான். கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறோம். இந்தச் சாமான் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? இதைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது? முதலாவதைச் சுற்றுச்சூழல் என்கிறார்கள். இரண்டாவதை நியாய வணிகம் என்கிறார்கள். பெயர்கள் புதியவை. கேள்விகள் பழையவைதாம்.

கைக்கு எட்டுமா?

"இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு, ஸார்!" என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். 'இயற்கை' என்று சீட்டு ஒட்டிக் குளிர்சாதனக் கடைகளில் விற்கும் பொருள்களின் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கைத்தறித் துண்டு, ஓலைக் கொட்டான், ஓலைப் பெட்டியில் கட்டிய கருப்பட்டி, கோரைப் பாய் இவையெல்லாம் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கும் எட்டக் கூடியவையே.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், கோரையை மெல்லியதாகக் கிழித்து, நீரில் ஊற வைத்து, உலர்த்திப் பாய் நெய்கிறார்கள். மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து தருவது அவ்வூரின் பிரசித்தமான வழக்கம். நயம் பாய்க்கு விலையும் அதிகம், நாளும் அதிகம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் போய் நின்றால் கிடைக்காது. முன்கூட்டியே சொல்லி வைத்து, நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் என்ன? பரணுக்குப் போகும் நான்கு கடிகாரங்களுக்குப் பதிலாக, விரித்துப் படுக்க ஒரு பாய்!

வாங்கும்போது ஜாக்கிரதையும் வேண்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. அசலை அடையாளம் காட்டக் கைத்தறி முத்திரை 2006-ல் வந்தது. அந்த முத்திரையைப் பார்த்து வாங்கலாம். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கை விற்கிறது. சணல் பையாயிற்றே என்று மகிழ்ந்து வாங்கினால், சிலவற்றில் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும்! திறந்து பார்த்து வாங்குவதே நல்லது. பரிசைச் சுற்ற ஜிகினாத் தாளும் வேண்டாம். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை; 2021-ல் அரசாங்கமே மஞ்சப்பையை மீண்டும் எடுக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கியது. பரிசை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தால் கௌரவம் குறைந்து போகாது.

முப்பது ரூபாய்

இவ்வளவும் சொல்லுகிற நான், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காரைக்குடிப் பக்கம் போயிருந்தபோது, ஒரு வயதான அம்மாளிடம் சிறிய கொட்டான் ஒன்று வாங்கினேன். தாமே முடைந்தது என்றார். நூற்றிருபது ரூபாய் சொன்னார். நான் சாமர்த்தியமாகப் பேசித் தொண்ணூறுக்கு முடித்தேன். அன்று மாலையே ஒரு பெரிய ஜவுளிக் கடையில், சட்டையில் தொங்கிய சீட்டைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் தொள்ளாயிரம் ரூபாயை எடுத்து வைத்தேன்!

பனங்குருத்தை உலர்த்தி, ஒரே அளவாகக் கிழித்து, சாயம் ஏற்றிய பிறகுதான் கொட்டான் முடையவே தொடங்க முடியும். அந்த முப்பது ரூபாய் எனக்கு ஒரு காப்பிச் செலவு. அவருக்கோ அதுதான் கூலி. ஓலைக்கும் சாயத்துக்கும் ஆன காசை அவர் குறைக்க முடியாது. நான் பேரம் பேசிக் குறைத்ததெல்லாம் அவர் விரல்களுக்கு உரிய காசைத்தான்.

மலிவாக வாங்குவது தப்பல்ல. நமக்கு இருக்கும் வருமானத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் கையில் இருக்கும் பணத்துக்குத் தக்கபடி சிறிய பொருளாக வாங்குவது ஒன்று. பெரிய பொருளைக் கேட்டுச் செய்தவரின் கூலியில் கை வைப்பது வேறொன்று. இருநூறு ரூபாய்தான் முடியும் என்றால், இருநூறு ரூபாய்ச் சாமானையே, சொன்ன விலைக்கு வாங்கிக் கொடுப்போம். பெரிய கடையில் பேசாத பேரத்தை மர நிழலில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் ஏன் பேச வேண்டும்?