அடைவில்லாத் தமிழ் அடைபட்ட தமிழே!

நூலை அச்சேற்றுவது ஒரு பணி. அந்நூலுக்குள் உறையும் சொல்லை வேண்டுவார்க்கு வேண்டும்போது எடுத்துக் கொடுப்பது பிறிதொரு பணி. முதற்பணியைத் தமிழர் ஒருவாறு செய்து வந்துள்ளனர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஓலையிலும் தாளிலும் கிடந்த செல்வத்தை உலகெங்கும் காணச் செய்தன. இரண்டாம் பணியோ பெரும்பாலும் பிறர் கையில் கிடக்கின்றது. அது பிறர் கையில் கிடக்குமளவும், ஏறிய நூலெல்லாம் பூட்டிய பேழைக்குள் இட்ட பொன்னே.

சொல்லடைவு தமிழுக்குப் புதிதன்று. 1962இல் அறிஞர் வ. ஐ. சுப்பிரமணியம் புறநானூற்றுக்குச் சொல்லடைவு செய்து வெளியிட்டார். 1967 முதல் 1970 வரை புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் நூல்களுக்கு மூன்று தொகுதிகளில் அடைவு வெளியிட்டது. ஒரு சொல் எந்நூலில் எவ்வடியில் வருகின்றது என்று நொடியில் காட்டும் அவ்வடைவுகள் எத்துணை ஆராய்ச்சிகளுக்குத் துணை நின்றன என்பதைத் தமிழறிஞர் அறிவர். அவற்றைச் செய்தவர் சொல்லும் அறிந்தவர். சொல்லின் இலக்கணமும் அறிந்தவர்.

இன்று அவ்வடைவைப் பொறி செய்கின்றது. நூல்களும் கட்டுரைகளும் ஆவணங்களாக முகிற்கணிமையில், அஃதாவது தொலைவிலுள்ள பெருங்கணினிகளில், சேர்த்து வைக்கப்படுகின்றன. அவற்றின்மேல் முழுவுரைத் தேடலடைவு ஒன்று கட்டப்படுகின்றது. பொறி ஒவ்வோர் ஆவணத்தையும் படித்து, சொற்சொல்லாகப் பிரித்து, இன்ன சொல் இன்ன ஆவணங்களில் உள்ளது என்று பட்டியலிட்டுக் கொள்கின்றது. தேடுவார்க்கு விடை தருவது அப்பட்டியலே, நூலன்று. எனவே பட்டியலில் இல்லாத சொல், நூலில் இருந்தும் இல்லாததே.

இதனை விளக்கச் சங்கரன்கோவில் என்னும் ஊர்ப்பெயர் ஒன்றே போதும். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 7-2-1902இல் பிறந்த ஊர் அது. அவ்வூரைப்பற்றிப் பழைய ஏடுகளில் தேட விரும்பும் மாணவன் ‘சங்கரன்கோவில்’ என்று எழுதித் தேடுகின்றான். ஓர் ஏட்டில் ‘சங்கரன்கோயில்’ என்றிருக்கும். மற்றொன்றில் ‘சங்கரன் கோவில்’ என்று பிரிந்திருக்கும். பழம்பதிவில் ‘சங்கரநயினார்கோயில்’ என்றிருக்கும். இவையன்றிச் சங்கரன்கோவிலில், சங்கரன்கோவிலுக்கு, சங்கரன்கோவிலிலிருந்து என வேற்றுமை ஏற்ற வடிவங்கள் வேறு. இலக்கணம் அறியாப் பொறிக்கு இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு சொல்லே. மாணவன் கையில் ஒரு பிடி விடை கிட்டும்; களஞ்சியம் களஞ்சியத்திலேயே கிடக்கும்.

வேற்றுமையுருபை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பாரும் உளர். முடியாது. ‘மரத்தை’ என்பதில் ஐயுருபை நீக்கினால் ‘மரத்து’ நிற்கும். அத்துச் சாரியையை நீக்கி மகரத்தை மீட்டாலன்றி ‘மரம்’ வாராது. ‘காட்டில்’ என்பதிலிருந்து ‘காடு’ வரவேண்டும், அதே வாய்பாட்டைப் ‘பாட்டில்’ என்பதன்மேல் ஏற்றினால் ‘பாடு’ என்று தவறும், அது ‘பாட்டு’. ‘ஆற்றில்’ என்பது ஆறு. ‘காற்றில்’ என்பதோ காற்று. ‘கண்டான்’ என்பதன் வேர் ‘காண்’ என்பதை எந்த வெட்டும் காட்டாது. நெடிற்றொடர்க் குற்றியலுகரம் எது, வன்றொடர்க் குற்றியலுகரம் எது என்று நன்னூல் பயின்றவன் அறிவான். ஆங்கிலச் சொல்லுக்கு ஈற்றெழுத்து இரண்டினை வெட்டிப் பழகியவன் அறியான். ஆகவே இது கணிப்பொறிஞர் தனித்துச் செய்யத்தக்க பணியன்று. தமிழாசிரியர் பணியும் ஆகும்.

எழுத்து நிலையிலேயே வேறொரு கேடும் உண்டு. ஒருங்குறியில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் இடலாம். கண்ணுக்கு ஒன்றே, பொறிக்கு இரண்டு. இதனைச் சீர்செய்யும் ஒழுங்குமுறை ஒருங்குறியிலேயே உண்டு. ஆனால் ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவை’ என்று பிழைபட எழுதியிருப்பின், அதனை எவ்வொழுங்குமுறையும் தானே திருத்தாது. அடைவு கட்டுவோர் அறிந்து திருத்தினாலன்றி, ஔவையார் இரண்டாகப் பிளந்தே கிடப்பார்.

இப்பணியை யார் செய்வார்? வரலாறு தரும் விடை தெளிவானது. உலகின் பல தேடற்பொறிகளுக்கு அடிப்படையாக உள்ள ‘இலூசீன்’ என்னும் கட்டற்ற மென்பொருளில் 2011இல் இந்திக்குத் தனிப் பகுப்பி வந்தது. தமிழுக்கு 2021இல்தான் வந்தது. பத்தாண்டு பின்தங்கினோம். ஆனால் ‘போசுட்கிரெசு’ என்னும் மற்றொரு கட்டற்ற தரவகத்தில் 2019இல் தமிழ் ஏறியது. இந்தி 2021இல்தான் ஏறியது. ஓரிடத்தில் இந்தி முந்தவும் ஓரிடத்தில் தமிழ் முந்தவும் காரணம் என்னை? நடுவணரசின் ஆணையன்று, ஆட்தொகையுமன்று. தமிழர் ஒருவர் அமர்ந்து தமிழ்ச் சொல்லீறுகளுக்கு விதி எழுதி, ‘சுநோபால்’ என்னும் பொதுத் திட்டத்திற்கு அளித்தார், தமிழ் ஏறியது. எழுதினவன் மொழி ஏறும். எழுதாதவன் மொழி வாயிலில் நிற்கும். இதில் பிறரைப் பழிப்பதற்கு இடமில்லை. நாம் நாணுதற்கே இடமுண்டு.

ஆவணங்களை முகிலில் வைப்போர் பலர் இன்று கையாள்வது ‘மாங்கோடிபி’ என்னும் தரவகம். அதன் பழைய உரைத்தேடல் அடைவு அறிந்திருந்த 15 மொழிகளுள் தமிழ் இல்லை. பின்னர் அந்நிறுவனம் ‘அட்லசு’ என்னும் தன் முகிற்பணியில் இலூசீனை அடிப்படையாகக் கொண்ட புதிய தேடலடைவை அமைத்தது. 2023 முதல் அவ்வடைவை நிரல் வழியே ஆளவும் இயலும். ஏவல்கள் நான்கே: அடைவை உருவாக்கல், உள்ளவற்றைப் பட்டியலிடல், மாற்றியமைத்தல், நீக்கல். மாற்றும்போது புதிய அடைவு அணியமாகுமளவும் பழையதே விடை தந்து நிற்கும், தேடுவார்க்கு இடையூறில்லை.

ஆயின் அடைவை உருவாக்கும்போது, எந்தப் பகுப்பியைக் கொள்வது என்று சொல்லாவிடின், பொறி தன் பொதுப் பகுப்பியையே எடுத்துக்கொள்ளும். அது இடைவெளியும் நிறுத்தக்குறியும் கண்ட இடத்தில் சொல்லைப் பிரிக்கும். தமிழிலக்கணம் ஒன்றும் அறியாது. தமிழ் நூல்களைத் தொகுப்பவர் இவ்விடத்தில் வாளா இருப்பின் தமிழ் அடைபடுகின்றது. அவ்வமைதியை எவரும் நம்மேல் சுமத்தவில்லை. நாமே சுமந்து நிற்கின்றோம்.

திரையில் தொட்டுத் தொட்டு அடைவமைத்தால் என்ன முடிவு செய்தோம் என்பது பின்னர் எவர்க்கும் எளிதில் தெரியாது. நிரலில் எழுதினால் அது நூற்பாப் போல நிற்கும். பிறர் படிக்கலாம், பிழை காட்டலாம், திருத்தலாம், எடுத்தாளலாம். தமிழடைவின் நூற்பாவில் இருக்க வேண்டுவன இவை: முதற்கண் எழுத்தொழுங்கு. அடுத்து, ஆவணத்தைச் சேர்க்கும்போதே உருபும் சாரியையும் களைந்த வேர்வடிவத்தைத் தனிப் புலத்தில் எழுதி வைத்தல். வந்த வடிவத்தையும் அழியாமல் காத்தல். மூன்றாவது, கோயில்-கோவில் போன்ற இருவடிவச் சொற்களுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் ஒருபொருட் பட்டியல். நான்காவது, சிறு சொற்களைப் பயனற்றவை என்று தள்ளாமை. பிறமொழித் தேடலில் இடைச்சொற்களைக் கழித்துவிடும் வழக்கம் உண்டு. மன், கொல், தில் என்னும் இடைச்சொற்களைக் கழித்துவிட்டுச் சங்க நூலை ஆராய்வது யாங்ஙனம்?

பொருளை உய்த்துணரும் செயற்கை நுண்ணறிவு வந்தபின் சொல்லடைவு எதற்கு என்று வினவுவார் உளர். உய்த்துணரும் பொறி அணித்தாக உள்ளதைக் காட்டும், அதற்குப் பயனுண்டு. ஆனால் ‘இச்சொல் இந்நூலில் எங்கும் இல்லை’ என்று உறுதி கூறவல்லது செம்மையான சொல்லடைவு ஒன்றே. ஒரு சொல் தமிழா, வந்தேறியா என்னும் வழக்கில் அச்சொல் முதன்முதல் எந்நூலில் ஆளப்பட்டது என்பது பெருஞ்சான்று. குறையடைவில் தேடி, இல்லையென்று கண்டு, ‘தமிழில் இச்சொல் இல்லை, ஆகவே இரவல்’ என்று ஒருவன் முடிவு கட்டினால், பொறியின் குறை தமிழின் குறையாகிவிடும். பாவாணர் வாழ்நாளெல்லாம் மறுத்து நின்ற பொய்கள் இவ்வழியே மீண்டும் நுழையும். அவற்றை நுழைப்பவன் பகைவனாகவும் இருக்க வேண்டுவதில்லை.

1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற பாவாணர், அதன் முதற்பகுதி 1985இல் வெளிவந்ததைக் காணாமலே 1981இல் மறைந்தார். கணிப்பொறியின் துணையின்றிச் சொல்லின் வேரைத் தேடிய அவர்க்கு, பொறி கையிலிருந்தும் வேரைத் தேடத் தெரியாத தலைமுறை என்ன விடை கூறும்?

ஆகவே தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். தம் ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும், நூறு பெயர்ச்சொற்களின் வேற்றுமை வடிவங்களையும் எழுதி, நிரலறிந்த மாணவர் கையில் கொடுக்கலாம். மாணவர் அதனை அடைவாக்கி எல்லார்க்கும் பொதுவாக வைக்கலாம். அரசும் பல்கலைக்கழகங்களும் பொதுப்பணத்தில் நூலை முகிலேற்றும்போது, தமிழடைவின்றி ஏற்றலாகாது என விதி செய்தல் வேண்டும். இலக்கணம் தேர்வுக்காக மட்டும் நெட்டுருச் செய்யப்படும் நிலை மாறி, பொறியை இயக்கும் ஆற்றலாகட்டும். நன்னூலை நிரலாக்குவோம், நம் நூல்களைத் திறப்போம்!