இரண்டு அங்குல வீராப்பு

ஆஸ்திரேலியாவில் பிக்கப் வண்டிக்கு 'யூட்' என்று பெயர். அங்கே புது டொயோட்டா ஹைலக்ஸ் வாங்குகிற ஒரு கூட்டம், பாலிதீன் உறையை சீட்டிலிருந்து உரிப்பதற்கு முன்பே செய்கிற காரியம் ஒன்று உண்டு. கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையில் இருப்பதிலேயே கனமான ஸ்பிரிங்கை மாட்டுவது. வண்டி இரண்டு அங்குலம் உயரும். பார்க்க மிரட்டலாக இருக்கும். "எதுக்கும் தாங்கும் சார்" என்பார் கடைக்காரர். வாங்கியவரும் நம்பிக்கொண்டு போவார்.

எதைத் தாங்கும்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஸ்பிரிங் ஒன்றும் இரும்புத் தூண் இல்லை, கனமாக இருக்க இருக்க நல்லது என்று சொல்ல. அது மேலே இருக்கும் எடைக்குத் தகுந்தபடி அழுந்தி, விரிந்து வேலை செய்கிற பொருள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். காலி வண்டியில் பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் மேல் 300 கிலோ இருப்பதாக வைத்துக்கொண்டால், மில்லிமீட்டருக்கு 3 கிலோ தாங்கும் ஸ்பிரிங் 100 மி.மீ. அழுந்தி நிற்கும், நொடிக்கு சுமார் 1.6 முறை ஆடும். அதே இடத்தில் மில்லிமீட்டருக்கு 5 கிலோ தாங்கும் ஸ்பிரிங்கை மாட்டினால் 60 மி.மீ.தான் அழுந்தும், ஆட்டம் நொடிக்கு 2 முறை. கேட்க சின்ன வித்தியாசம் போலத்தான் இருக்கிறது. ஜிப் ரிவர் ரோடு மாதிரி 660 கி.மீ. நீள மண்சாலையில், துணி துவைக்கும் பலகை போல வரிவரியாக மேடு விழுந்த தரையில், அந்த வித்தியாசத்தை முதுகெலும்பு நன்றாகவே சொல்லும்.

காட்டுப் பாதையில் நடப்பது இன்னும் மோசம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அழுந்தியிருந்த ஸ்பிரிங் விரிந்து அந்தச் சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கவேண்டும். 100 மி.மீ. அழுந்தியிருந்தது அவ்வளவு தூரம் கூடவே வரும். 60 மி.மீ. அழுந்தியிருந்தது பாதி வழியிலேயே கைவிட்டுவிடும். சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றும். ஆக, காட்டுக்கென்று காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்கே காட்டில் பிடிப்பைக் குறைக்கிறது! (அதை மறைக்க அடுத்து டிஃப் லாக் வாங்கச் சொல்வார்கள். அது வேறு செலவு.)

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கம்பெனி மாட்டி அனுப்பும் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கே ஏறக்குறைய ஒரு டன் சுமையை மனதில் வைத்துச் செய்ததுதான். அடுக்கின் அடியில் தடிமனாக ஒரு பட்டை இருக்கும். சுமை ஏறினால்தான் அது வேலைக்கு வரும். காலி ஹைலக்ஸ் பின்னால் குதிக்கிறது என்று குறை சொல்கிறவரே, அதைவிட விறைப்பான ஸ்பிரிங்கைத் தேடிப் போவதை என்னவென்று சொல்வது?

கனமான ஸ்பிரிங் தேவைப்படுகிறவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். பின்னால் இரும்புப் பெட்டியும் கருவிகளுமாக வருஷம் முழுக்க 400 கிலோவை இறக்காமல் சுமக்கும் எலக்ட்ரீஷியனுக்கு அது சரியான ஸ்பிரிங். மேலே சொன்ன கணக்கில் பக்கத்துக்கு 200 கிலோ ஏறினால், அந்த 5 கிலோ ஸ்பிரிங் அளவாக 100 மி.மீ. அழுந்தி ஒழுங்காக நடந்துகொள்ளும். ஸ்பிரிங் அட்டவணைகளில் 'நிலையான 300 கிலோ', 'நிலையான 600 கிலோ' என்றெல்லாம் போட்டிருப்பது இவருக்காகத்தான். அதில் 'நிலையான' என்ற சொல்தான் உயிர். வருஷத்தில் இரண்டு வாரம் கூடாரம் கட்டிக்கொண்டு போய்விட்டு மீதி ஐம்பது வாரம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிடுகிறவருக்கு அந்த வரிசை எழுதப்படவில்லை. கடையில் அந்தச் சொல்லைப் படித்துக் காட்டுவாரும் இல்லை.

முன்பக்கம் ஏற்றுவதற்கும் விலை உண்டு. ஹைலக்ஸின் முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குபவை. வண்டியை உயர்த்த உயர்த்த டிரைவ் ஷாஃப்டின் சி.வி. ஜாயின்ட் சாய்ந்த கோணத்திலேயே சுற்றித் தேயும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைப்பது அடுத்த கூத்து. விறைப்பான ஸ்பிரிங் திரும்ப எகிறும் வேகத்தை அதனால் அடக்க முடியாது. வரிமேட்டுச் சாலையில் உள்ளே எண்ணெய் சூடாகி அது ஓய்ந்துபோகும்.

பின்பக்கம் தொங்குகிறதே என்று லீஃப் ஸ்பிரிங்குக்கு உதவியாகக் காற்றுப் பை வைப்பவர்கள் தனி ரகம். லீஃப் ஸ்பிரிங் தன் சுமையை சேஸிஸின் இரண்டு இடங்களில், முன்னும் பின்னுமாகப் பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பையோ, ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் குத்துகிறது. பின்னால் கனமான கேரவன் கொக்கியில் தொங்க, நடுவில் பை முட்டுக்கொடுக்க, பள்ளத்தில் ஒரு குதி குதித்தால் சேஸிஸ் முழங்காலில் வைத்து ஒடித்த குச்சிபோல வளைந்துவிடும். கேபினுக்கும் பின் தொட்டிக்கும் நடுவே இடைவெளி வாய்பிளந்து நிற்கும் யூட்களின் படங்கள் ஆஸ்திரேலியாவில் அபூர்வமே இல்லை. ஸ்பிரிங் தொங்கியது ஓர் எச்சரிக்கை. பையை வைத்து அதன் வாயை அடைத்தார்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பொய், 'நல்ல ஸ்பிரிங் போட்டால் அதிகம் ஏற்றலாம்' என்பது. இரட்டைக் கேபின் ஹைலக்ஸின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை சுமார் 3 டன். காலி எடை 2 டன்னுக்குச் சற்று மேல். மிச்சம் 950 கிலோ அளவுக்குத்தான். நாலு பெரியவர்கள் 320, புல் பார் 60, வின்ச் 40, பின்கூடு 100, ஃபிரிட்ஜும் டிராயர்களும் 120, தண்ணீர் 60, கூடுதல் டயர் 35, கூரைக் கூடாரம் 70. கூட்டினால் 805. இதோடு மூன்றரை டன் கேரவன் கொக்கியில் அழுத்தும் 350 கிலோவும் இந்தக் கணக்கில்தான் சேரும். 1155! ஸ்பிரிங் மாற்றியதால் வண்டி மட்டமாக நிற்கும். ஆனால் பிரேக், ஆக்ஸில், வீல் பேரிங், சேஸிஸ் எல்லாம் பழையவையே. எடைக் கூடுதல் இன்னும் சட்டவிரோதமே. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கப்போவது ஸ்பிரிங்கின் பிராண்டை அல்ல.

மொத்த எடையை முறையாகவே உயர்த்திக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. பொறியாளர் சான்றோடு, அதற்கென்றே அங்கீகாரம் பெற்ற ஸ்பிரிங் தொகுப்பு. முதல் பதிவுக்கு முன்பே செய்தால் நாடு முழுக்கச் செல்லும். பிறகு செய்தால் அந்தந்த மாநில விதி. செலவு அதிகம், காகிதமும் அதிகம். அதனாலேயே வெறும் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டு 'அப்கிரேட்' என்று சொல்லிக்கொள்வது பலருக்கு வசதியாகப் போகிறது.

உண்மையில் ஸ்பிரிங் தேர்வு கடையில் தொடங்கவே கூடாது, எடைமேடையில் தொடங்கவேண்டும். புல் பார், பெட்டி, பின்கூடு எல்லாவற்றையும் முதலில் பூட்டிவிட்டு, டேங்கை நிரப்பிக்கொண்டு (ஹைலக்ஸுக்கு 80 லிட்டர், டீசல் மட்டுமே 65 கிலோவுக்கு மேல்), முன் ஆக்ஸிலைத் தனியாக, பின் ஆக்ஸிலைத் தனியாக நிறுத்தி இரண்டு சீட்டு வாங்கவேண்டும். அன்றாடம் ஓடும் எடைக்கு ஒரு தடவை, சுற்றுலா எடைக்கு ஒரு தடவை. அன்றாட எடைக்குத்தான் ஸ்பிரிங். சுற்றுலா எடை அனுமதிக்குள் அடங்குகிறதா என்று பார்க்கத்தான் இரண்டாவது சீட்டு. அடங்கவில்லையா, வீட்டில் இறக்கி வைக்கவேண்டியது அந்த இரண்டாவது ஃபிரிட்ஜை.