யந்திரத்துக்கும் மூச்சு வாங்கும்

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு நேயர் எழுதுகிறார்: "குடும்பத்துடன் தொட்டபெட்டா சிகரத்துக்குப் போயிருந்தோம். நாலடி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அதற்கும் மேலே பறந்த பழைய யுத்த விமானங்களின் யந்திரங்களுக்கு மூச்சு வாங்கவில்லையா?"

வாங்கத்தான் செய்தது, ஐயா! 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். காற்றுக் குறைந்தால் பெட்ரோல் எரிவதும் குறையும், பலமும் குறையும். இதற்குப் பரிகாரமாக வந்ததே 'சூப்பர்சார்ஜர்' என்னும் காற்றூதி. கொல்லனுடைய துருத்தியின் வேலைதான் அதற்கும். 1918-ல் ஸான்போர்டு மாஸ் என்ற அமெரிக்கர் ஒரு விமான யந்திரத்தை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்கு ஏற்றிச் சென்று பரீக்ஷித்தார். தரையில் 350 குதிரை சக்தி தந்த யந்திரம் அங்கே 230 தான் தந்தது. காற்றூதியைப் பூட்டியதும் 356!

ஆனால் ஊதுவது பெரிதல்ல. அளவறிந்து ஊதுவதே கஷ்டம். அடர்ந்த காற்றுள்ள தாழ்ந்த உயரத்தில் அதிகமாக ஊதினால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். விமானி எதிரியைப் பார்ப்பானா, அழுத்தமானியைப் பார்ப்பானா? ஆகவே ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்களில் காற்று நீக்கி மூடிய ஓர் உலோகச் சிமிழை வைத்தார்கள். அழுத்தத்துக்குத் தக்கபடி அது விரியும், சுருங்கும். அதன் ஏவலில் எண்ணெயால் நகரும் பிஸ்டன் ஒன்று காற்று வரும் வழியைத் திறக்கும், மூடும்.

அமெரிக்க 'லிபரேட்டர்' விமானத்துக்கு நான்கு யந்திரங்கள். கழிவுப் புகையின் வேகத்தால் நிமிஷத்துக்கு 20,000 தடவைக்கு மேல் சுழலும் சக்கரங்களே அதில் காற்றூதிகளை ஓட்டின. வேகம் மிஞ்சினால் சக்கரம் சிதறிவிடும். முதலில் எண்ணெயால் இயங்கும் கருவிகளே அவற்றைக் கட்டுப்படுத்தின. மேலே குளிரில் எண்ணெய் கெட்டியாகி அவை சண்டித்தனம் செய்தன. பிந்திய விமானங்களில் ரேடியோ வால்வுகள் கொண்ட மின்சாரக் கருவி வந்தது. விமானி ஒரே குமிழைத் திருப்பினால் போதும். ஆயினும் நான்கு யந்திரங்களும் ஒரே அழுத்தம் காட்டும்படி, ஒவ்வொன்றுக்கும் உரிய சிறு திருகைத் தரையிலேயே சரிசெய்து வைக்க வேண்டும். நான்கு பேரை ஒரே சுருதியில் பாட வைப்பது போன்ற காரியம்!

இந்த லிபரேட்டர்களுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷார் பல லிபரேட்டர்களைக் கான்பூரில் உதவாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அந்தக் குவியலிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்டவற்றை மீட்டார்கள். அரைகுறையாகச் சீர்செய்த அந்த விமானங்களைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தவர் ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி. அவருடைய துணிச்சலை என்னென்பது! 1948-ல் நம் விமானப் படையில் சேர்ந்த லிபரேட்டர்கள் 1968 வரை சேவை செய்தன. 1974-ல் அவற்றில் ஒன்றை, கேட்டால் நம்பமாட்டீர்கள், பிரிட்டிஷ் விமானப் படையின் மியூசியத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்தோம்.